மிதி வரிசை

போன வருஷம் தை மாதம் பாத்தி மிதிக்கும்போது நான் வழுக்கி விழுந்தேன். நான் மட்டும் விழுந்திருந்தால் ஊர் இரண்டு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். என்னோடு இன்னும் எட்டுப் பேரையும் சேற்றில் சாய்த்தேன். அதில் என் பக்கத்தில் நின்ற சின்னப்பாப்பாவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்றிலிருந்து என் இடுப்பு என் சொந்த விஷயமாக இல்லை. கடைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனாலும், "இடுப்பு எப்படி இருக்குது சாமுண்டி?" என்று கேட்கிறார்கள். சாமுண்டீஸ்வரி என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என் அப்பா ஒருத்தர்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மரக்காணம் உப்பளத்தை பஸ்ஸிலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். மழை முடிந்ததும் பாத்தியில் நிற்கும் தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் இருக்கிற களிமண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். இல்லாவிட்டால் வாரும்போது சேறும் கூடவே வரும். எங்கள் அளத்தில் ஒன்பது பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, ஒரே தாளத்தில் மிதிப்போம். களி எண்ணெய் மாதிரி வழுக்கும். யாராவது கையை எடுத்தால் மேஸ்திரி அரசப்பன் வரப்பில் நின்றுகொண்டு, "ஏய், கைய போடு, கைய போடு!" என்று தொண்டை கிழியக் கத்துவார்.

வருஷத்தில் இருபது நாள்தான் இந்த மிதி. அந்த இருபது நாளும் என் இரண்டு தோளிலும் இரண்டு கை இருக்கும். ஒரு பக்கம் சின்னப்பாப்பா கை. மறுபக்கம் விஜயலட்சுமி கை. வெயிலில் வியர்த்து, சேறு காய்ந்து, சொரசொரவென்று இருக்கும். எனக்கு அது போதும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் நான் மிதிக்குப் போனேன். வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் வெற்றிச்செல்வன் துபாயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். மற்ற நாளில் என்னைத் தொடுகிற ஒரே ஆள் பஸ் கண்டக்டர்தான். அதுவும் டிக்கெட் கொடுக்கும்போது விரல் நுனியில் பட்டும் படாமலும்.

விழுந்த அன்றைக்கே அரசப்பன் சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் இடுப்பு சரியானா வா தங்கச்சி. இல்லன்னா வேணாம். ஒருத்தர் சாஞ்சா ஒம்போது பேரும் சாயுறாங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அந்த சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்தேன். ஐப்பசியில்தான் புத்தி வந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பிசியோ பார்க்கிற ஷாலினி என்கிற பெண், என்னைக் குப்புறப் படுக்க வைத்து, திருப்பிப் போட்டு, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"முதுகுல கோளாறு கம்மிதாம்மா. வயித்தைச் சுத்தி இருக்கிற தசைதான் வீக்கா இருக்குது. அது செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து முதுகே செய்யுது. அதான் மக்கர் பண்ணுது."

"முப்பது வருஷம் உப்பு வாரினவ நான். எனக்கு தசை வீக்கா? நல்லா இருக்குதே கதை!"

"வாரினீங்க சரி. இப்ப ஒம்போது மாசமா என்ன பண்றீங்க?"

"டிவி பாக்குறேன்."

அவள் சிரித்துவிட்டாள். தரையில் படுத்து முழங்காலை மடக்கித் தூக்குகிற மாதிரி நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். மூன்று நாள் செய்தேன். நாலாம் நாள் தரையில் கிடந்து விட்டத்தைப் பார்த்தபோது, ஏனடி இந்தக் கூத்து, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது. விட்டுவிட்டேன். அடுத்த முறை போனபோது பொய் சொல்ல வாய் வரவில்லை. ஷாலினி திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை.

"அப்போ உங்களுக்குப் பிடிச்சதா ஏதாவது பண்ணுங்க. டான்ஸ் ஆடுங்க, வளையம் சுத்துங்க. ஒத்தக் கால்ல நின்னாலே வயித்துத் தசை வேலை செய்யும். சந்தோஷமா இருந்தாதான் தினமும் பண்ணுவீங்க. சின்னப் புள்ளையில என்ன விளையாடுவீங்க?"

"பாண்டி."

"சூப்பர். அதையே ஆடுங்க. மொதல்ல குதிக்காதீங்க. கட்டத்துக்குக் கட்டம் நின்னு, மெதுவா கால் மாத்திப் போங்க. இடுப்பு நிக்க ஆரம்பிச்சப்புறம் நொண்டி அடிக்கலாம்."

ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் செங்கல் துண்டால் எட்டுக் கட்டம் போட்டேன். ஓட்டுச் சில்லு ஒன்று பொறுக்கி எடுத்தேன். முதல் வாரம் ஒற்றைக் காலில் நாலு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தேன். கார்த்திகை பிறக்கும்போது இருபது எண்ணினேன். ஆனால் பாண்டி ஒருத்தர் ஆடுகிற ஆட்டமா? எதிராளி வேண்டாமா? அதனால் என் ஆட்டம் ஒன்று, சின்னப்பாப்பா ஆட்டம் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அவளுக்காகவும் நானே ஆடுவேன். அவள் கால் கோட்டில் பட்டால் "அவுட்டு, அவுட்டு! அழுகுணி ஆட்டம் ஆடாதடி" என்று நானே சத்தம் போடுவேன். பெரும்பாலும் அவளைத்தான் ஜெயிக்க விடுவேன். மணிக்கட்டு விஷயம் மனதில் இருந்தது.

ஒருநாள் நிஜச் சின்னப்பாப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டாள். இரண்டு வீடு தள்ளிதான் அவள் வீடு. விழுந்ததற்குப் பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, யார்கிட்ட சண்ட போடுற?"

"உன்கிட்டதான். உள்ள வா, ஒரு ஆட்டம் ஆடலாம்."

"எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு. அடுப்புல சோறு கொதிக்குது."

போய்விட்டாள். அன்றைக்கு அவளை ஜெயிக்க விடவில்லை.

இதற்கு நடுவில்தான் ரேகா மேடம் வந்தார்கள். மெட்ராஸ்காரர். பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, எனர்ஜி ஹீலிங் என்று போர்டு மாட்டியிருக்கிறார். அவருக்கு அயோடின் கலக்காத கல்லுப்பு வேண்டியிருந்தது. என்னிடம் முந்தின வருஷத்து உப்பு மூட்டை கிடந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு பை எடுத்துக்கொண்டு அனுமந்தை வழியாகப் போகிற பஸ்ஸில் போய்க் கொடுப்பேன். நான் படியேறும்போது இடுப்பில் கை வைப்பதைப் பார்த்துவிட்டு, "உள்ள வந்து படுங்கம்மா, நான் பாக்குறேன்" என்றார்.

வெள்ளைத் துணி விரித்த கட்டில். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன். அவர் கை என் தலைக்கு மேலே வந்தது, நெஞ்சுக்கு மேலே வந்தது, வயிற்றுக்கு மேலே வந்தது. ஒரு சாண் உயரத்திலேயே நின்றது. எதையோ வழித்து எடுப்பது மாதிரி எடுத்து, கிண்ணத்தில் உதறினார். பிறகு மறுபடியும் மேலே.

"தொட மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"தொடத் தேவையில்லம்மா. எனர்ஜி தானா போகும். சும்மா மூச்சு விடுங்க."

சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, கதகதவென்று இருந்தது. அரை மணி நேரம் ஒரு மனுஷி எனக்காக மட்டும் நின்றுகொண்டிருந்தாள் என்பதாலும் இருக்கலாம். ஆனால் அந்தக் கை எப்போது இறங்கும், எப்போது இறங்கும் என்றே என் உடம்பு பூராவும் காத்துக்கொண்டிருந்தது. இறங்கவே இல்லை. ஆறு முறை போனேன். ஆறு முறையும் இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஏன் அழுகை வருகிறது என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் முறை போனபோதுதான் கவனித்தேன். எல்லோருக்கும் ஹீலிங் முடித்த பிறகு, அந்தக் கிண்ணத்து உப்புத் தண்ணீரை எல்லாம் ஒரு வாளியில் சேர்த்து, டாய்லெட்டில் ஊற்றப் போனார். எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா! உப்பைக் கொண்டுபோய் கக்கூஸ்ல ஊத்துவீங்களா? உப்பு லட்சுமிம்மா!"

"இது வேஸ்ட் வாட்டர்ம்மா. ஜனங்களோட வலி, கெட்ட எனர்ஜி எல்லாம் இதுலதான் இறங்கியிருக்குது."

"இறங்கட்டுமே. அதுக்காக? எங்க ஊர்ல கீழ சிந்துன உப்பைக் கால்ல மிதிக்க மாட்டோம். குடுங்க இப்படி."

அந்த அம்மா வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்டேனா? அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, எங்கள் அளத்தின் கடைசியில் இருக்கிற மூலைப் பாத்தியில் ஊற்றினேன். எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே சேர்ப்பது தானே முறை? பாத்தியில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. இந்த ஐந்து லிட்டர் அதில் எங்கே தெரியப்போகிறது?

மார்கழிக் கடைசியில் அரசப்பன் அண்ணன் வரப்பை வெட்டிச் சீர் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர வரப்பில் ஒற்றைக் காலில் நின்றேன். ஒன்று, இரண்டு என்று நானே உரக்க எண்ணினேன். ஐம்பது வரைக்கும் ஆடவில்லை, அசையவில்லை. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"தவம் பண்றியா?" என்றார்.

"இடுப்பைப் பாத்துக்குங்கண்ணா. போதுமா, இன்னும் நிக்கட்டுமா?"

"போதும் எறங்கு தாயே. பொங்கல் கழிச்சு மிதி. வந்து சேரு."

வீட்டுக்கு ஓடாத குறைதான். பாண்டியால் வந்ததா, ரேகா மேடம் கையால் வந்ததா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரு கும்பிடு. சந்தோஷம் தாங்காமல் நேரே சின்னப்பாப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் நாக்கில் சனி உட்கார்ந்தது. பாண்டி ஆடியது, பொம்மையார்பாளையம் போனது, தொடாமலே வைத்தியம் பார்த்தது எல்லாம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் உற்சாகம். அந்த வேகத்தில் தண்ணீர் கேன் கதையையும் சொல்லிவிட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது. "எந்தத் தண்ணி?"

"அதான்டி, எல்லார் வலியும் எறங்குன தண்ணி. மூலைப் பாத்தியில ஊத்திட்டேன்."

"யக்கா! அதுலதான நாங்க எல்லாம் கால வெக்கணும்?"

இரண்டே நாளில் ஊர் பூராவும் பரவிவிட்டது. ஊரான் வீட்டு நோவையெல்லாம் சாமுண்டி கேனில் பிடித்து வந்து பாத்தியில் கொட்டிவிட்டாள். அந்த வாரம் ஊரில் நாலு பேருக்குக் காய்ச்சல். மார்கழியில் என்றைக்குக் காய்ச்சல் வராமல் இருந்தது? யாரிடம் போய்ச் சொல்வது? பதறிப்போய் ரேகா மேடத்துக்குப் போன் போட்டு, "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்று ஸ்பீக்கரில் வைத்தேன். பக்கத்தில் விஜயலட்சுமியும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். அந்த அம்மா, "ஐயையோ, அதைக் கொண்டுபோய் ஜனங்க கால் வைக்கிற இடத்துலயா ஊத்துனீங்க?" என்றார். அவ்வளவுதான். நான் போனை அணைப்பதற்குள் மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து மிதி ஆரம்பித்த அன்று, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். எட்டுப் பேர் வந்தார்கள். தோளில் கை போட்டுக்கொண்டார்கள். நான் போய் என் இடத்தில், சின்னப்பாப்பாவுக்கும் விஜயலட்சுமிக்கும் நடுவில் நிற்கப் போனேன். அங்கே இடம் இல்லை. இருவர் கையும் ஒருவர் தோளில் ஒருவர் என்று ஏற்கனவே கோத்திருந்தது. பிரிக்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி," என்று அரசப்பன் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "இவளுங்க ஒத்துக்க மாட்டேங்குறாளுங்க. ரெண்டு பேரு, நீ வந்தா வர மாட்டோம்னுட்டாங்க. மூலைப் பாத்தியில இவங்க யாரும் கால் வெக்க மாட்டாங்க. நீ அதை மிதி. பத்து நாள் போனா மறந்துடுவாங்க."

"தனியாவா?"

"ஒரு கழி தர்றேன், ஊணிக்க."

கழியை ஊன்றிக்கொண்டு இறங்கினேன். முதல் நாள் எழுபது தடவை வழுக்கியிருப்பேன். ஆனால் விழவில்லை. வயிறு இறுகிப் பிடித்து என்னை நிறுத்தியது. ஷாலினியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. இரண்டாம் நாள் கழியை வரப்பில் எறிந்துவிட்டேன். மூன்று பாத்தி தள்ளி வரிசை போய்க்கொண்டிருந்தது. தாளம் கேட்டது. யாரோ ஏதோ சொல்ல, எட்டுப் பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று காற்றில் கேட்கவில்லை. நான் அந்தத் தாளத்துக்கே கால் மாற்றினேன். அவர்கள் நிறுத்தினால் நிறுத்தினேன். தோள் இரண்டும் காலியாக இருந்தன. அந்தக் காலி எனக்கு வலித்தது. இடுப்பு வலிக்கவே இல்லை.

பத்து நாள் ஆயிற்று. யாரும் மறக்கவில்லை. மறக்காமல் இருந்தார்கள் என்பதுகூட இல்லை. பழகிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் சின்னப்பாப்பா தூரத்திலிருந்தே, "யக்கா, கொழம்பு வேணுமா?" என்று கேட்பாள். வேண்டும் என்றால் கிண்ணத்தை வரப்பில் வைத்துவிட்டுப் போவாள்.

பதினோராம் நாள் சாயங்காலம் அரசப்பன் மூலைப் பாத்திக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, குதிகாலால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். நடுவில் போய் நின்று குதித்தும் பார்த்தார்.

"அடேங்கப்பா!" என்றார். "எட்டுப் பேர் மிதிச்ச பாத்திகூட இப்படி நிக்கலம்மா. கல்லு மாதிரி இருக்குது. உனக்கு எதுக்குத் துணை? அடுத்த வருஷத்துலேர்ந்து இந்த ஓரத்துப் பாத்தி மூணும் உனக்குத்தான். நீ ஒத்த ஆளே போதும்."

நல்ல மனுஷன். மனதாரப் பாராட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் அந்த மூன்று பாத்தியையும் பார்த்தேன். அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், அறுபது வயதில், இந்த ஓரத்தில், காற்றோடு கேட்கிற சிரிப்புக்குக் கால் மாற்றிக்கொண்டு மிதிப்பேன். இடுப்பு நன்றாக இருக்கிறவரை மிதிப்பேன்.

"அண்ணா," என்றேன். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா!" என்று அலறினேன்.

"ஏய், என்னாச்சு? ஏய், ஓடியாங்கடி!" என்று அவர் கத்தினார்.

மூன்று பாத்தியைத் தாண்டி எட்டுப் பேரும் ஓடிவந்தார்கள். ஒருத்திகூட வரப்பில் நிற்கவில்லை. எல்லோரும் மூலைப் பாத்திக்குள் இறங்கினார்கள். யாரோ என் அக்குளில் கை கொடுத்தார்கள். யாரோ தலையை மடியில் சாய்த்தார்கள். விஜயலட்சுமி உள்ளங்காலைத் தேய்த்தாள். சின்னப்பாப்பா பின்னால் உட்கார்ந்து, சேற்றுக் கையால் என் முதுகை அழுத்தி அழுத்தி நீவினாள். பிசகிய கை. அத்தனை கையும் என்மேல் இருந்தன. கல்லு மாதிரி இருந்த என் இடுப்பில் ஒரு துளி வலி இல்லை. நான் அழுதேன். அது மட்டும் பொய் இல்லை.

"போச்சு, திரும்பவும் போச்சு," என்று அரசப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்பு. தனியா விட்டிருக்கக் கூடாது. இனிமே உனக்கு இந்த மிதியே வேணாம் தங்கச்சி. அடுத்த வருஷமும் வராத. வீட்டுல நிம்மதியா இரு."

இப்போது எழுந்து நின்று, ஒன்றுமில்லை, பாருங்கள் என்று ஒற்றைக் காலில் ஐம்பது எண்ணிக் காட்டலாம். காட்டினால் அந்த மூன்று பாத்தி இருக்கிறது. சின்னப்பாப்பாவின் கை முதுகில் ஒரே இடத்தில் நின்று, "எங்க யக்கா, இங்கயா?" என்று கேட்டது.

"இல்லடி," என்றேன். "இன்னும் கொஞ்சம் மேல."